ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்: இந்திய லைசென்ஸில் கார் ஓட்டலாமா? அவசரம்

தேனிக்காரன்:
வணக்கம் உறவுகளே. வெள்ளிக்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு இதுதான் முதல் விமானப் பயணம். கூட்டி வர வாடகைக் கார் புக் செய்து பணமும் கட்டியாயிற்று. இன்று ஆபீஸில் ஒருவர் உன் இந்திய லைசென்ஸ் இங்கே ஜெர்மனியில் செல்லாது என்கிறார். ஊரில் எட்டு வருடம் ஓட்டியவன் நான். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

நெக்கர்கரை:
தாராளமாகச் செல்லும். ஒரு வருடம் வரை ஓட்டலாம். லைசென்ஸை விட ரோடுதான் முக்கியம். குடியிருப்புத் தெருக்களில் போர்டு எதுவும் இல்லாத சந்திப்பு வந்தால், வலது பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் வழி. அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும் நாம்தான் நிற்க வேண்டும். முதல் மாதம் இது தெரியாமல் நேராகப் போய்விட்டேன். வலது பக்கம் வந்த வேனின் முகப்பு என் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த பிரேக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மான்ஹைம் மீனா:
ஒரு வருடம் என்பது தவறு. இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான். பன்னிரண்டு மாதத்துக்குமேல் தங்கப்போவதில்லை என்று காட்டினால் மட்டும் நீட்டிப்பு கேட்கலாம். தம்பி, நீங்கள் எப்போது வந்தீர்கள் என்றே எழுதவில்லையே?

யாழ் அண்ணை:
தம்பி, நான் 1986இல் வந்தனான். அப்ப கேட்கவும் ஆளில்லை, வழி சொல்லவும் ஆளில்லை. முதல் பனிக்காலம் சாதாரண டயரோடு ஓடி, கார் ஒருமுறை முழுதாய்ச் சுற்றி நின்றது. ஐஸ் றோட்டில் பிரேக்கை நம்பேலாது. இப்ப மலையும் பனிச்செதிலும் போட்ட அடையாளம் உள்ள டயர்தான் பனிக்காலத்துக்குச் செல்லும். அதைப் பார்த்து எடுங்கோ.

கோவைப் பையன்:
அண்ணா, இது செப்டம்பர். அவர் கேட்டது லைசென்ஸ் பற்றி. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஜப்பான், தென்கொரியா லைசென்ஸைத் தேர்வே இல்லாமல் ஜெர்மன் லைசென்ஸாக மாற்றித் தருகிறார்கள். நமக்கு மட்டும் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும். தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை என்று என்னை ஃபெயில் செய்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன் என்று சொன்னேன், ஏற்கவில்லை. திரும்ப வகுப்பு, திரும்பக் கட்டணம்.

நெக்கர்கரை:
உண்மை. எனக்குத் தேர்வுத் தேதி கிடைக்கவே இரண்டு மாதம் ஆனது.

மான்ஹைம் மீனா:
அதெல்லாம் அப்புறம் பேசலாம். தேனித் தம்பி, நகராட்சியில் முகவரி பதிவு செய்த தேதி என்ன?

தேனிக்காரன்:
பிப்ரவரி 3, அக்கா. அப்பாவிடமும் லைசென்ஸ் இருக்கிறது. அவர் ஓட்டலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால்தான் கார் எடுத்தேன்.

மான்ஹைம் மீனா:
அப்படியென்றால் ஏழு மாதம் தாண்டிவிட்டது. நீங்கள் ஓட்டவே கூடாது. இங்கே அது அபராதத்தோடு முடிகிற விஷயம் இல்லை, குற்ற வழக்கு. சட்டத்தில் ஒரு வருடம் வரை சிறைக்கு இடம் உண்டு. விசாவில் இருக்கும் நாம் அந்தப் பக்கமே போகக் கூடாது.

அப்பா சுற்றிப் பார்க்க வருபவர், அவரை ஆறு மாதக் கணக்கு தொடாது. இந்திய லைசென்ஸோடு ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வைத்திருந்தால் ஓட்டலாம். ஆனால் இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்தவர், ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும் காரில், வேக வரம்பே இல்லாத இடங்கள் உள்ள ஆட்டோபான் நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டர் ஓட்டுவது வேண்டாம். என் மாமனாரை நான் விடமாட்டேன்.

ரயிலில் வாருங்கள். ஏர்போர்ட்டின் நெடுந்தூர ரயில் நிலையம் டெர்மினல் 1ஓடு இணைந்தது. ஸ்டுட்கார்ட்டுக்கு நேரடி ஐசிஇ அதிவேக ரயில் உண்டு, சுமார் ஒன்றேகால் மணி நேரம். மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான். விமானம் தாமதித்தால் அந்தக் காசு போய்விடும், அதனால் எந்த ரயிலிலும் ஏறலாம் என்கிற டிக்கெட்டே எடுங்கள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று விமான நிறுவனத்திடம் இன்றே சொல்லுங்கள். 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும்.

லைசென்ஸை இப்போதும் மாற்றலாம். கண் பரிசோதனை, ஒருநாள் முதலுதவி வகுப்பு இரண்டையும் முடித்து விண்ணப்பியுங்கள். நமக்கு இத்தனை வகுப்பு போக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை, எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம்.

தேனிக்காரன்:
நன்றி அக்கா. காரை ரத்து செய்துவிட்டேன், பாதிப் பணம்தான் திரும்பும், பரவாயில்லை. சக்கர நாற்காலிக்கும் சொல்லியாயிற்று. இரண்டு பெரிய பெட்டி வருகிறது, ரயிலில் ஏற்ற விடுவார்களா?

யாழ் அண்ணை:
ஏற்றலாம் தம்பி, அங்கே நிறை பார்க்க மாட்டினம். அம்மாவுக்கு ஒரு சீட் முன்பதிவு செய்யுங்கோ, டிக்கெட்டில் இடம் தானாக வராது. பெட்டி வைக்கிற தட்டுக்குப் பக்கமாய் எடுங்கோ.