டெஸ்ட் என்று வாங்கிய டிசைன், வராத பதில்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் டிசைன் படித்தவர்களுக்கு வேலை என்றால் கோயமுத்தூர், இல்லையென்றால் கொச்சி. கொச்சி காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் டிசைனர் வேலைக்கு முயன்றபோது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அடுத்துப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேர்காணலுக்கு முன் ஒரு டெஸ்ட் என்று சொல்லி, போனில் பேசிய ஹெச்.ஆர். "சின்ன டாஸ்க்தான்" என்றார். மெயிலைத் திறந்தால், அவர்கள் நடத்திக்கொண்டிருக்கும் மளிகை டெலிவரி ஆப்பின் முகப்பு, தேடல், பணம் கட்டும் பக்கம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து, தட்டிப் பார்க்கும்படி புரோட்டோடைப்பும் தர வேண்டுமாம். பணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ராத்திரி கண்விழித்து, ஆன்லைனில் டிசைன் செய்யும் ஃபிக்மாவில் முடித்து, அதன் லிங்கை அனுப்பினேன். ஃபைல் திறந்திருந்தபோது அதைப் பார்க்கிறவர்களின் படங்கள் மேல் ஓரத்தில் வட்ட வட்டமாக வந்தன. ஒருவருடைய கர்சர் பணம் கட்டும் பக்கத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. பார்க்கிறார்கள் என்று தெரிகிறது, பதில்தான் இல்லை.

அப்புறம் திடீரென்று நேரில் வரச் சொன்னார்கள். பாலக்காடு போய் ரயில் பிடித்து, எர்ணாகுளத்தில் இறங்கி, பஸ் ஏறிப் போனால், ரிசப்ஷனில் இருந்த பெண் "சார் இன்னு லீவாணல்லோ" (சார் இன்றைக்கு லீவாச்சே) என்கிறார். பாவம், நான் வருவதையே அவரிடம் யாரும் சொல்லவில்லை. முதல் நாள் ஒரு வாட்ஸ்அப் போட்டிருக்கலாமே! அதற்குப் பிறகு போட்ட மெயில்களுக்கும் பதில் இல்லை. வேலை இல்லை என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவுப்படி, படைப்புக்கு முதல் உரிமையாளர் பொதுவாக அதைச் செய்தவர்தான். வேலையில் இருப்பவர் அந்த வேலைக்காகச் செய்தால் முதலாளிக்குப் போகும். நேர்காணலுக்குப் போனவர் இன்னும் அங்கே வேலையில் சேரவே இல்லையே. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும், அது 19ஆம் பிரிவு. அதனால் டாஸ்க்கோடு ஏதாவது படிவம் வந்தால் முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பதில், வேலந்தாவளத்திலிருந்து:

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எனக்குக் கோயமுத்தூரில் ஒழுங்காக நடந்தது. அவர்கள் ஆபீஸிலேயே உட்கார்ந்து, கற்பனையான ஒரு பஸ் டிக்கெட் ஆப்புக்கு ஒரே ஒரு பக்கம் செய்யச் சொன்னார்கள். முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பட்டன் ஏன் கீழே இருக்கிறது என்று கேட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. ஆனால் சொன்ன தேதியில் கூப்பிட்டு, எங்கே குறை என்று விளக்கினார்கள்.

உங்கள் டிசைன் அந்த ஆப்பில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். வந்தால், அது நீங்கள் செய்ததுதான் என்று காட்ட, ஃபிக்மாவின் வெர்ஷன் ஹிஸ்டரியில், அதாவது ஃபைலில் செய்த மாற்றங்களின் பதிவில், தேதியோடு எல்லாம் இருக்கும். இலவசக் கணக்கில் 30 நாள் வரைக்கும்தான் காட்டும், இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.