மறு: டேக்கோமீட்டருக்குத் தமிழில் என்ன? 'சுழல்மானி' என்கிறேன்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டுவது டேக்கோமீட்டர். பழைய லோரியில் அதைத் தனியாக வாங்கிப் பொருத்துவதற்கு வயரிங் கையேடு எழுத உட்கார்ந்தோம். வேலை தலைப்பிலேயே நிற்கிறது. சுழல்வேகமானி, சுற்றுமானி, ஆர்.பி.எம். மீட்டர் என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் நான்காவதாக 'சுழல்மானி'யை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரின் செந்தூலிலும் செகாம்புட்டிலும் லோரி பட்டறைகளில் தொழில் பழகும் நம் பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கையேடு. சொல் அவர்கள் கையில் நிற்க வேண்டும்.

> மூலச்சொல்லிலேயே வேகம் இருக்கிறது. சுழல்வேகமானி என்பதுதான் முழுமையான பெயர்.

ஐயா, கிரேக்கத்தில் 'டாக்கோஸ்' என்றால் வேகம்தான். ஆனால் தமிழில் வேகமானி என்ற பெயரை ஸ்பீடோமீட்டர் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. லோரியின் முன்பலகையில் இரண்டு மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். நீளமான சொல்லை வாய் சுருக்கிவிடும். சுழல்வேகமானியைச் சுருக்கினால் மிஞ்சுவது வேகமானி. லோரி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு முள் பூஜ்யத்தில் கிடக்கும், இன்னொன்று 600-ல் நிற்கும். இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிட்டால் பையன் எந்த வயரைக் கழற்றுவான்?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தக் கருவி நேரடியாக எதை வாங்கிக்கொள்கிறது? பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் நெகடிவ் முனையிலிருந்து ஒரு வயர் வரும். நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் என்றால் ஒரு சுழற்சிக்கு இரண்டு மின்துடிப்பு (பல்ஸ்). மீட்டர் அதை எண்ணி, வகுத்து, முள்ளை நகர்த்துகிறது. டீசலில் காயிலே கிடையாது. அதனால் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ (W) முனையைத் தேடிப் போகிறோம். உள்ளே இருக்கும் மூன்று சுருள்களில் ஒன்றிலிருந்து, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடுகளுக்கு முன்னாலேயே எடுத்த இணைப்பு அது. ஆல்டர்னேட்டரில் 12 காந்தத் துருவம் இருந்தால், அது ஒருமுறை சுழல 6 துடிப்பு. எஞ்சின் புல்லி 150 மில்லிமீட்டர், பெல்ட்டால் அது சுழற்றும் ஆல்டர்னேட்டர் புல்லி 60 என்றால் எஞ்சின் ஒருமுறை சுழல்வதற்குள் ஆல்டர்னேட்டர் இரண்டரை முறை சுழன்றுவிடும். ஆக, எஞ்சினின் ஒரு சுழற்சிக்கு 15 துடிப்பு.

கணக்கு தெரியாமல், நான்கு சிலிண்டர் பெட்ரோலுக்கான மீட்டரை இதில் கொண்டுபோய் மாட்டினால், 600-ல் ஓடும் எஞ்சினுக்கு 4,500 காட்டும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று பயந்துபோகிறார்கள். பெல்ட் தளர்ந்து வழுக்கினாலோ எஞ்சின் சுழற்சி குறையாமலேயே முள் இறங்கும். இதெல்லாம் புரிய வேண்டுமானால், 'சுழற்சியை எண்ணுகிற கருவி' என்ற எண்ணம் பெயரிலேயே இருப்பது நல்லது. வேகம் என்ற சொல் அந்த இடத்தில் மறைக்கத்தான் செய்கிறது.

> சுற்றுமானி எளிமையாக இருக்கிறதே. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுது என்றுதானே கேட்கிறோம்?

உண்மை, வாய்க்கு இதமான சொல். வேறு கையேடாக இருந்தால் நானே இதற்குத்தான் கைதூக்கியிருப்பேன். ஆனால் இது வயரிங் கையேடு. தமிழ்ப்பள்ளியில் தொடர் மின்சுற்று, இணை மின்சுற்று என்று படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, வயரைப் பற்றிப் பேசும்போது சுற்று என்றால் சர்க்கியூட்தான். 'சுற்றுமானியின் சுற்றைச் சரிபார்க்கவும்' என்று எழுதிப் பார்த்தேன். மின்சுற்றைச் சோதிக்கும் கருவி என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் தப்பே சொல்ல முடியாது.

> மலாயில் தாகோமீட்டர் என்றே வைத்துக்கொண்டார்கள். நமக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் புதுச்சொல் தேவை என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் வெப்பமானி, மழைமானி, வேகமானி எல்லாம் ஏற்கெனவே பிள்ளைகளின் வாயில் புழங்குகின்றன. அந்த வரிசையில் சுழல்மானி வந்து உட்கார யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. தவிர, பெரிய லோரிகளில் வண்டியின் வேகத்தையும் ஓட்டுநரின் ஓட்ட நேரத்தையும் பதிவுசெய்யும் டேக்கோகிராஃப் என்று வேறொன்று இருக்கிறது. 'டேக்கோ' என்று சுருக்கிச் சொன்னால் எது என்று தெரியாது.

ஆர்.பி.எம். மீட்டர் பேச்சில் இருக்கட்டும். கடையில் போய் அப்படித்தான் கேட்க வேண்டும். கையேட்டில் முதல்முறை சுழல்மானி வரும் இடத்தில் 'பட்டறையில் ஆர்.பி.எம். மீட்டர் என்பார்கள்' என்று ஒரு வரி போட்டுவிடலாம்.

கூடவே வரும் சொற்கள்: ஆர்.பி.எம்.முக்கு 'நிமிடச் சுழற்சி', பல்ஸுக்குத் 'துடிப்பு', முள் சரியாகக் காட்டும்படி திருத்துவதற்கு 'அளவுத்திருத்தம்'. ஆல்டர்னேட்டர், பியூஸ், டையோடு இவற்றைத் தொடவே வேண்டாம். டபிள்யூ முனையும் அப்படியே இருக்கட்டும். ஆல்டர்னேட்டரின் முதுகில் பொறித்திருப்பது அந்த எழுத்துதான், பையன் அதைத்தான் தேடுவான்.

சொல் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். லோரி 24 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். 12 வோல்ட் சுழல்மானியை 24 வோல்ட்டில் நேரடியாகக் கொடுத்தால் கருகிவிடும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து, சிறிய பியூஸ் வைத்து பாசிட்டிவ் எடுங்கள். எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிய இரும்பில் இறுக்குங்கள். ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் கிரீஸும் தூசியும் அப்பியிருக்கும். துடைத்தால் டபிள்யூ என்ற எழுத்து தெரியும். துடிப்பு வயரை அதில் பொருத்தி, வெளியேற்றுக் குழாயைத் தொடாமல் கொண்டுவாருங்கள். கேபினுக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போடுங்கள். இல்லையென்றால் தகடு வயரை அறுத்துவிடும். எஞ்சின் புல்லியில் பளபளப்பு நாடா ஒட்டி, பேட்டரி வயரை மீண்டும் மாட்டுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, அந்த நாடாவை ஒளிக்கதிர் சுழல்மானியால் அளந்து, அந்த நிமிடச் சுழற்சிக்கு ஏற்ப அளவுத்திருத்தம் செய்யுங்கள்."

கையில் பிடிக்கும் கருவியும் 'ஒளிக்கதிர் சுழல்மானி' என்று சிக்கலில்லாமல் வந்துவிட்டதைப் பாருங்கள். 'ஒளிக்கதிர் சுழல்வேகமானி' என்று எழுதினால் வாக்கியம் மூச்சு வாங்குகிறது.

ஒரே ஒரு இடத்தில் எனக்கும் தயக்கம் உண்டு. சுழல் என்றால் சிலருக்கு நீர்ச்சுழல் நினைவுக்கு வரலாம். லோரி எஞ்சினுக்குப் பக்கத்தில் அந்தக் குழப்பம் வராது என்றே நம்புகிறேன். பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் லோரி வேலை பார்க்கும் அண்ணன்மார் இந்தப் பத்தியைப் பட்டறையில் வாய்விட்டுப் படித்து, எங்கே தட்டுகிறது என்று எழுதுங்கள். டபிள்யூ முனையே இல்லாத பழைய ஆல்டர்னேட்டரைத் திறந்து, சுருளில் வயரை ஈயம் வைத்து ஒட்டுவது பற்றிய பகுதியை அதற்குப் பிறகு அனுப்புகிறேன்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து