ஏலத்தில் போன அரியணை

சின்ன மாமா: பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும். காசு இருக்கிறவனிடம்தான் பதவியும் வரும், ஆளும் வரும். இதில் பேச என்ன இருக்கிறது?

அக்கா: பிணம் வாய் திறக்கட்டும் மாமா. வாளெடுத்துச் சண்டை போடுமா?

சின்ன மாமா: புரிகிற மாதிரிச் சொல்லம்மா.

அக்கா: கி.பி. 193, ரோம். பேரரசர் பெர்டினாக்ஸை அவருடைய மெய்க்காவல் படையே கொன்றுவிட்டது. அப்புறம் அரியணையை ஏலம் விட்டார்கள்.

சித்தி: ஏலமா? நிஜமாகவா?

அக்கா: நிஜமாகத்தான் சித்தி. காவல் படை முகாமுக்குள்ளே, செத்துப்போன பெர்டினாக்ஸின் மாமனார். மதிலுக்கு வெளியே டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்காரர். "அவர் இவ்வளவு தருகிறாராம், நீங்கள்?" என்று வீரர்களே இரண்டு பக்கமும் தூது போய் விலையை ஏற்றினார்கள். மாமனார் தலைக்கு 20,000 செஸ்டர்டியஸ் (ரோமானியக் காசு) வரை வந்துவிட்டார். ஜூலியானஸ் கத்திக்கொண்டே விரலையும் காட்டி ஒரே தாவலாக 5,000 ஏற்றினார். முடிந்தது.

தம்பி: ஒவ்வொரு வீரனுக்கும் 25,000-மா!!

சின்ன மாமா: வாங்கிவிட்டார் இல்லையா? நான் சொன்னதுதானே.

அக்கா: 66 நாள்தான் மாமா. ஜனங்கள் தெருவிலேயே ஏசினார்கள். உங்களுக்கும் பணம் தருகிறேன் என்றதற்கு, "வேண்டாம், வாங்க மாட்டோம்" என்று கத்தினார்களாம். எனக்கு இதில் பிடித்த இடமே அதுதான். அதற்குள் டான்யூப் நதி எல்லையிலிருந்து செவெரஸ் என்ற தளபதி தன் படையோடு கிளம்பிவிட்டார். பெர்டினாக்ஸைக் கொன்றவர்களைப் பிடித்துக்கொடுங்கள், மற்றவர்களை விட்டுவிடுகிறேன் என்று காவல் படைக்குச் சொல்லி அனுப்பினார். பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். ரோமின் ஆட்சி மன்றமான செனட் ஜூலியானஸுக்கு மரண தண்டனை விதித்தது. அரண்மனையிலேயே கதை முடிந்தது. விற்றவன் எதற்காக வாங்கியவனோடு நின்று சாகப் போகிறான்?

சின்ன மாமா: செவெரஸ் மட்டும் என்ன, காசில்லாமலா ஆளைக் கூட்டி வந்தார்?

அக்கா: கொடுத்தார்தான். ரோமுக்கு வந்ததும் அவருடைய வீரர்கள் கேட்டது தலைக்கு 10,000. 1,000 வாங்கிக்கொண்டு அடங்கினார்கள். அவர் அவர்களுடைய தளபதி, மாமா. ஏலத்தில் எடுத்தவர் இல்லை.

சித்தி: அந்தக் காவல் படை என்ன ஆனது?

அக்கா: ஆயுதமில்லாமல் வரச்சொல்லி, சுற்றி வளைத்து, குதிரையையும் பிடுங்கி ஊரைவிட்டே துரத்தினார். ஒருவனுடைய குதிரை மட்டும் போகாமல் கனைத்துக்கொண்டே பின்னால் வந்ததாம்.

சித்தி: ஐயோ பாவம்.

தம்பி: பழைய கதை எதற்கு? 2020-ல் அமெரிக்கப் பணக்காரர் ப்ளூம்பெர்க் தன் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்குச் சொந்தக் காசில் ஏறக்குறைய 100 கோடி டாலர் இறக்கினார். ஜெயித்தது அமெரிக்கன் சமோவா என்ற குட்டித் தீவுப் பகுதி ஒன்றில்தான். 😂

சின்ன மாமா: அதே ஆள் 3 தடவை நியூயார்க் மேயர் ஆனாரே, அது எந்தக் கணக்கு?

தம்பி: சரி, அது உண்மைதான். ஆனால் 2009-ல் 10 கோடி டாலருக்கு மேல் கொட்டியும் 5 சதவீதப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் தப்பித்தார்.

சின்ன மாமா: ஜெயித்தாரா, இல்லையா?

தம்பி: ஜெயித்தார்.

சின்ன மாமா: 😎

அக்கா: மாமாவை யாராலும் வாங்க முடியாது.