இணையம் இல்லாமல் விளையாட நல்ல 2டி தாவுகிற கேம் எது? மாரியோ ஏன் சலிப்பதே இல்லை?

சிப்புட்_மாமா:
வணக்கம் அனைவருக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். பள்ளி விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருக்கிறான், படிவம் 2 படிக்கிறான். கைப்பேசியில் ஆன்லைனில் சுடுகிற கேம்தான் அவனுக்குத் தெரியும், மத்தியானம் மழை பிடித்தால் இங்கே இணைய லைன் போய்விடும், உடனே பையன் முகம் வாடிப்போகிறது. என்னிடம் பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. சின்ன வயதில் நான் மாரியோ, கான்ட்ரா எல்லாம் விளையாடியவன். அந்த மாதிரி ஓடித் தாவுகிற கேம், இருவரும் சேர்ந்து ஆட முடிந்தால் இன்னும் நல்லது, எதை வாங்கலாம்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். சில கேம் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் சலித்துவிடுகிறது. மாரியோ மட்டும் இன்றைக்கும் சலிக்கவில்லை. பழைய பாசமா, இல்லை உண்மையிலேயே அதில் ஏதாவது இருக்கிறதா?

தாவும்_தவளை:
பாசம் மட்டும் இல்லை அண்ணே. தாவல்தான் காரணம். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸிலேயே பட்டனை லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல், ஓடி வந்து தாவினால் அதைவிட உயரம், அந்தரத்தில் இருக்கும்போதும் இடம் வலம் நகர்த்தலாம். தோட்டத்து வாய்க்காலைத் தாண்டிப் பழகியவனுக்கு எங்கே ஊன்றி எழும்ப வேண்டும் என்று காலுக்கே தெரியும் இல்லையா, அது விரலுக்கு வந்துவிட்டால் அந்தக் கேம் சலிக்காது. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தாவல் கனமாக, பிசுபிசுவென்று இருந்தால் நான் மூடி வைத்துவிடுவேன்.

இந்த விஷயத்தில் 2018இல் வந்த செலஸ்டேயை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கருத்து. விளிம்பைத் தாண்டிக் கால் போன பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் வரை தாவ விடும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பட்டனை அழுத்திவிட்டால் அதை ஞாபகம் வைத்துத் தொட்டதும் தாவும். தலை மூலையில் இடித்தால் மெல்ல ஒதுக்கி மேலே அனுப்பும். ஆடுகிறவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாது, தான் சரியாகத் தாவினோம் என்றுதான் தோன்றும். செத்தால் அதே அறையின் தொடக்கத்தில் உடனே எழுந்து நிற்கலாம், அதனால்தான் கடினமான கேம் என்றாலும் கோபம் வருவதில்லை. பையனுக்குக் கஷ்டமாக இருந்தால் அசிஸ்ட் மோட் என்ற உதவி அமைப்பில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

காசு போடுவதற்கு முன் பார்க்க வேண்டுமா? பிகோ-8 என்ற சின்னக் கேம் செய்கிற மென்பொருளுக்காக 4 நாளில் செய்த பழைய செலஸ்டே பிரவுசரிலேயே இலவசமாக ஓடும். லைன் இருக்கும்போது ஒருமுறை திறந்து பாருங்கள்.

பெஸ்தாரி_அக்கா:
தவளை தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தாவல் நன்றாக இருந்தும் சலிக்கிற கேம் எத்தனையோ உண்டு, கட்டம் சரியில்லாவிட்டால் அவ்வளவுதான். மாரியோவின் 1-1 என்ற முதல் கட்டத்தை மறுபடியும் ஆடிப் பாருங்கள் தம்பி. இடது ஓரத்தில் நிற்கிறோம், வலது பக்கம் காலியாக இருக்கிறது, அதனால் வலது பக்கம்தான் போக வேண்டும். முதல் எதிரி எதிரே வருகிறான், தாவித்தான் ஆக வேண்டும். பெட்டியை முட்டினால் காளான் வெளியே வந்து வலது பக்கம் ஓடி, குழாயில் மோதி நம்மிடமே திரும்பி வருகிறது, பயந்து ஒதுங்கப் பார்த்தாலும் மேலே பட்டுவிடுகிறது, பட்டதும் நாம் பெரிய ஆள். ஒரு எழுத்துகூட இல்லாமல் முழுப் பாடமும் முடிந்தது! படிக்கப் பிடிக்காத பிள்ளைக்கும் புரியும்.

2014இல் வந்த ஷவல் நைட்டில் இதைவிட ஒரு நல்ல யோசனை இருக்கிறது. செத்தால் திரும்பி வருகிற இடத்தில் ஒரு விளக்கு நிற்கும். அதை உடைத்தால் கல்லும் காசும் கொட்டும், ஆனால் அடுத்த தடவை செத்தால் அங்கே எழ முடியாது. நம்பிக்கை இருக்கிறவர் உடைக்கலாம், இல்லாதவர் விட்டுவிடலாம். எவ்வளவு கடினம் வேண்டும் என்பதை நம் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் மாமனும் மருமகனும் சேர்ந்து ஆடுவதற்கு ரேமேன் லெஜெண்ட்ஸ்தான் சரி, 2013இல் வந்தது. ஒரே திரையில் 4 பேர் வரை ஆடலாம். ஒருவர் அடிபட்டால் குமிழியாக மிதப்பார், மற்றவர் ஒரு தட்டு தட்டினால் திரும்ப வந்துவிடுவார், அதனால் தெரியாதவரும் தெரிந்தவரும் சேர்ந்தே போகலாம். தாளத்துக்கு ஏற்ப ஓடித் தாவுகிற பாட்டுக் கட்டங்கள் வரும்போது வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் வந்து நின்று பார்ப்பார்கள். அதை வெளியிட்ட உபிசாப்ட் நிறுவனத்தின் கணக்கு ஒன்று திறக்க வேண்டும், அதை லைன் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

குகைவாசி:
ஹாலோ நைட்டை யாரும் சொல்லவே இல்லையே! ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சின்னக் குழு செய்தது, 2017. எனக்குத் தாவலைவிட வழி தொலைப்பதுதான் பிடிக்கும். புது இடத்துக்குப் போனால் வரைபடம் இருக்காது, எங்கிருந்தோ ஒரு முனகல் பாட்டு கேட்கும், அதைப் பின்தொடர்ந்து போனால் வரைபடம் விற்கிறவர் உட்கார்ந்திருப்பார். அதை வாங்கினாலும் பாதிதான் இருக்கும், மீதியை நாமே சுற்றி, பெஞ்சில் உட்காரும்போதுதான் அது நிரம்பும். அந்த முனகல் காதில் விழும்போது வருகிற நிம்மதியை வேறு எந்தக் கேமும் எனக்குத் தந்ததில்லை.

காசில்லாமல் வேண்டுமென்றால் கேவ் ஸ்டோரி, 2004. அமாயா என்ற ஒரே ஆள் 5 ஆண்டு உட்கார்ந்து செய்தது. முதல் பதிப்பு இன்னும் இலவசம், சில மெகாபைட்தான், எந்தப் பழைய கணினியிலும் ஓடும்.

தாவும்_தவளை:
ஹாலோ நைட் நல்ல கேம்தான், ஆனால் விடுமுறைக்கு வந்த பையனுக்கு முதல் கேமாகக் கொடுக்க வேண்டாம், அது பொறுமையாகப் பல வாரம் ஆட வேண்டியது. அப்புறம் அண்ணே, கண்ட்ரோலர் வாங்குவதாக இருந்தால் வயர் உள்ளதாக வாங்குங்கள். மலிவான வயர்லெஸ்ஸில் பட்டன் அழுத்துவதற்கும் தாவுவதற்கும் நடுவே தாமதம் வரும், அது வந்தால் நான் மேலே சொன்ன எதுவும் கைக்குத் தெரியாது.

சிப்புட்_மாமா:
எல்லாருக்கும் நன்றி. பிகோ-8 செலஸ்டேயைத் திறந்து கொடுத்தேன். முள்ளில் விழுந்து உடனே எழுந்ததைப் பார்த்து, "மாமா, காத்திருக்கவே வேண்டாமா?" என்று கேட்டான், அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. கேவ் ஸ்டோரியை மழைக்கு முன்னாலேயே இறக்கி வைத்துவிட்டேன். சம்பளம் வந்ததும் ரேமேனும் வயர் கண்ட்ரோலரும் வாங்குகிறேன் அக்கா. ஷவல் நைட் எனக்கு.