டிஎன்எஃப் கொடுத்தும் நியூட்ரோஃபில் ஒட்டவில்லையே, ஏன்?

பினாங்கு_செல்:
வணக்கம். தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவர்ச் செல்களை (ஹூவெக்) 96 குழித் தட்டில் வளர்த்து, டிஎன்எஃப்-ஆல்ஃபா (அழற்சியைத் தூண்டும் புரதம்) மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் வீதம் 24 மணி நேரம் விடுகிறோம். பிறகு கால்சீன் என்ற ஒளிரும் சாயம் ஏற்றிய நியூட்ரோஃபில்களை (ஒருவகை வெள்ளணு) 30 நிமிடம் வைத்து, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் மூன்று தடவை கழுவுகிறோம். டிஎன்எஃப் போட்ட குழி, போடாத குழி இரண்டிலுமே ஒட்டியது கொஞ்சம்தான். டோஸைக் கூட்டணுமா?

கோலாலம்பூர்_ரத்தம்:
டோஸில் கை வைக்காதீங்க, 10 தாராளம். நேரத்தைத்தான் மாற்றணும். டிஎன்எஃப் பட்டதும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய் ஒட்டுப் புரதங்களின் மரபணுக்களை முடுக்கிவிடும். ஆனா எல்லாம் ஒரே நேரத்தில் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடாது. அவற்றில் இ-செலெக்டின் 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சம் தொட்டு, 24 மணிக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். ஐகாம்-1, விகாம்-1 இரண்டும் அப்போதும் நிற்கும். ஆனா விகாம்-1ஐப் பற்றும் விஎல்ஏ-4 என்ற புரதம் நியூட்ரோஃபிலில் மிகக் குறைவு. அதனால் அங்கே பயனில்லை. 4 மணி நேரத்தில் நிறுத்திப் பாருங்க. நியூட்ரோஃபில் போடும் முன் டிஎன்எஃப்பைக் கழுவி எடுத்துடணும். மிச்சமிருந்தால் அது நியூட்ரோஃபிலையே நேராகத் தூண்டிவிடும். அப்புறம் ஒட்டலுக்குக் காரணம் ஹூவெக்கா, வெள்ளணுவா என்று பிரிக்கவே முடியாது.

தட்டும்_குழியும்:
நேரம் சரிதான், ஆனா இரண்டு குழியிலும் குறைவு என்றால் எனக்குச் சந்தேகம் கழுவலில்தான். அந்த பிபிஎஸ் பாட்டிலின் லேபிளைப் பாருங்க. செல் பிரிக்க வைத்திருக்கும் பிபிஎஸ்ஸில் வழக்கமாகக் கால்சியம், மக்னீசியம் இருக்காது. செலெக்டின் பிடிக்கக் கால்சியம் வேணும், வெள்ளணுவின் பிடிப்புப் புரதமான இன்டெக்ரினுக்கு (விஎல்ஏ-4 இந்த வகை) மக்னீசியம் வேணும். இரண்டும் இல்லாமல் கழுவினால் ஒட்டியதும் கழன்று போகும். இரண்டும் உள்ள ஹெச்பிஎஸ்எஸ் என்ற உப்புக் கரைசலை 37 பாகைக்குச் சூடாக்கிப் பயன்படுத்துங்க. பிப்பெட் முனையைக் குழியின் சுவரில் சாய்த்து மெதுவா விடுங்க. நேரா நடுவில் பீய்ச்சினால் ஹூவெக் படலமே பெயர்ந்து வரும். கழுவிய பிறகு ஒரு தடவை மைக்ராஸ்கோப்பில் படலம் முழுசா இருக்கா என்று பார்த்துட்டு அப்புறம் ஒளிர்வை அளங்க.

பினாங்கு_செல்:
நன்றி. நியூட்ரோஃபிலுக்குப் பதிலாக டிஹெச்பி-1 செல்களைப் போட்டால் 24 மணி நேரத்தை வைத்துக்கொள்ளலாமா?

கோலாலம்பூர்_ரத்தம்:
தாராளமா. அது மோனோசைட் (இன்னொரு வெள்ளணு) வகை, விஎல்ஏ-4 நிறைய உண்டு. டிஎன்எஃப்புக்குப் பதில் ஐஎல்-4 (இன்னொரு சைகைப் புரதம்) கொடுத்த ஒரு வரிசையும் சேருங்க: அது இ-செலெக்டினைக் கிளப்பாமல் விகாம்-1ஐ மட்டும் உயர்த்தும். விஎல்ஏ-4ஐ அடைக்கும் ஆன்டிபாடி போட்ட குழியில் ஒட்டல் இறங்கினால், நீங்கள் அளப்பது அந்தப் பிடிப்பைத்தான். நியூட்ரோஃபில் தட்டில் அதே வேலைக்கு ஐகாம்-1ஐப் பற்றும் இன்டெக்ரினின் பாகமான சிடி18ஐ அடைக்கணும்.