புதுப்பிப்பு: ஏரித் தண்ணீர் பாரமீசியத்தின் நட்சத்திரம்

கொடைக்கானல் ஏரி ஓரத்துத் தண்ணீரில் கிடைத்த பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரிக்குள் நட்சத்திரம் போல ஒரு குமிழி விரிந்து சுருங்குகிறதே, அது எப்படித் தண்ணீரை வெளியேற்றுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். விடை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் இருந்தது.

நட்சத்திரத்தின் கைகள் வெறும் வாய்க்கால்கள் இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றி நுண்குழாய்கள் பஞ்சு போல மொய்த்திருக்கின்றன. வெளிப்பக்கக் குழாய்கள் சுமார் 50 நானோமீட்டர் தடிமன். மேலே வரிசையாக முளைகள். அவை புரோட்டான் பம்புகள், அதாவது ஹைட்ரஜன் அயனிகளைச் சவ்வைத் தாண்டித் தள்ளும் புரதங்கள் என்று ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஆலன், ஆக்னஸ் ஃபோக் குழு காட்டியது. பம்பு இழுப்பது அயனிகளைத்தான். தண்ணீர் தானாகப் பின்னால் வருகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

அப்புறம், நேற்று உப்புக் கரைசல் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். உள்ளே புகும் தண்ணீர் குறைந்ததால் குமிழியின் துடிப்பு நன்றாகவே மெதுவானது.