1/72 நாட் போர் விமான மாடல்: மேட் கோட் வெளுத்துப் போச்சு, டீக்கால் ஓரம் மினுங்குது. எங்க தப்பு?

நொய்யல்72 (கேள்வி):

வணக்கமுங்க. விமானப்படையோட 18-ம் ஸ்குவாட்ரன் 2020-ல சூலூர்ல தேஜஸ் ஓட்ட ஆரம்பிச்சுது. 1971 டிசம்பர் 14 அன்னைக்கு ஸ்ரீநகர் மேல நிர்மல்ஜித் சிங் செகோன் நாட் விமானத்துல சண்டை போட்டதும் இதே ஸ்குவாட்ரன்லதான். அந்த நாட் விமானத்தை 1/72 அளவுல கட்டணும்னு ஆரம்பிச்சேன். கிடைச்ச கிட்ல ரெண்டு சீட் இருந்துச்சு. பின் சீட்டை மூடி ஒத்தை சீட்டா மாத்திக்கலாம்னு கட்டிட்டேன். மேல கேமஃப்ளாஜ் அடிச்சு, தனியா வாங்கின இந்திய டீக்கால் (தண்ணியில நனைச்சு ஒட்டற சின்னம், எழுத்து) ஒட்டியாச்சு. இப்ப நாலு சிக்கல்:

பளபளப்பை மறைக்கிற மேட் கிளியர் கேன் ஸ்ப்ரே (லாக்கர்) அடிச்சதும் இறக்கை, முதுகு எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துருச்சு. டீக்காலைச் சுத்தி வெள்ளி மாதிரி மினுங்குது. பெவிக்விக்ல ஒட்டின கேனபி (விமானி தலைக்கு மேல வர்ற கண்ணாடி மூடி) மறுநாள் உள்பக்கம் புகை படிஞ்ச மாதிரி ஆயிருச்சு. சக்கரத்துல நிறுத்துனா வால் குத்தி உட்காருது.

அடுத்ததைத் தொடங்கறதுக்கு முன்னாடி நிஜ விமானத்தைப் பார்த்துப் படம் எடுக்கணும். திருப்பூர்ல இருந்து எங்க போகலாம், என்னென்ன எடுக்கலாம்னும் சொல்லுங்க.

சிறுவாணி:

தம்பி, முதல்ல ஒரு ஸ்கேலை எடுத்து இறக்கை முனையில இருந்து முனை வரைக்கும் அளங்க. ஒத்தை சீட் நாட் எஃப்.1-க்கு இறக்கை அகலம் 6.73 மீட்டர், 1/72-ல 9.3 செ.மீ. ரெண்டு சீட் பயிற்சி விமானமான டி.1-க்கு 7.32 மீட்டர், 1/72-ல 10.2 செ.மீ. உங்க கிட் 10.2 வந்தா பின் சீட்டை மூடிப் பிரயோஜனம் இல்லீங்க. டி.1-க்கு இறக்கையே வேற, உடம்பு நீளம், வாலும் பெருசு. நம்ம விமானப்படை ஓட்டினது ஒத்தை சீட் நாட். வெறும் "நாட்"னு பெட்டியில பார்த்து வாங்கி ஏமாறுறவங்க நிறைய.

ஒத்தை சீட் 1/72-ல வேணும்னா செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி கம்பெனி நாட், அதுல இருந்து வந்த இந்திய விமானம் அஜீத் ரெண்டுமே போட்டிருக்காங்க. இப்ப கையில இருக்கிறதை வீணாக்க வேண்டாம். டி.1-ஐத்தான் பிரிட்டனோட ரெட் ஆரோஸ் குழு 1965-ல இருந்து 1979 வரைக்கும் ஓட்டுச்சு. பெயிண்டை எடுத்துட்டுச் சிவப்பு அடிச்சா நேர்மையான மாடலா நிக்கும். அதுக்கு முன்னாடி வெளுத்ததைச் சரி பண்றது, டீக்கால் ஒட்டறது எல்லாத்தையும் இதுமேலயே பழகிக்குங்க.

வால் குத்தறதுக்கு வர்றேன். நாட்டுக்கு மூணு சக்கரமும் உடம்புலயேதான் மடங்கும். பிரதான சக்கரம் நடுவுல இருக்கு, அதுக்கு முன்னாடி மூக்கு குட்டை. எடை வைக்க இடமே கம்மி. உடம்பை ஒட்டறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மாஸ்கிங் டேப்ல சேர்த்துக் கட்டி, இறக்கை, வால், சக்கர மூடின்னு ஒண்ணு விடாம வெச்சு, பிரதான சக்கரம் வர்ற இடத்துக்குக் கீழ ஒரு பென்சிலைக் குறுக்க வெச்சுப் பாருங்க. மூக்கு கீழ சாயற வரைக்கும் தூண்டில் ஈயக் குண்டை முன்னாடி சேர்த்துக்கிட்டே போங்க. சாய்ஞ்ச பிறகு அதுல மூணுல ஒரு பங்கு கூடுதலாப் போட்ருங்க, பின்னாடி பெயிண்ட் எடையும் சேரும். குண்டு எவ்வளவு முன்னாடி இருக்கோ அவ்வளவு கொஞ்சம் போதும். சீட்டுக்குப் பின்னாடி 6 கிராம் வைக்கிற இடத்துல மூக்கு நுனியில 3 கிராம் நிறுத்திரும்.

ஈயத்தை ஃபெவிகால்ல ஒட்டவே கூடாதுங்க. அந்த மாதிரி வெள்ளைப் பசையில வர்ற அமிலம் ஈயத்தை அரிச்சு, வெள்ளையாப் பூத்து, மாசக் கணக்குல மெதுவா ஊதும். ஒரு நாள் பார்த்தா மூக்கு ஒட்டு ரெண்டாப் பிளந்திருக்கும். எப்பாக்ஸி மட்டும்தான்.

உங்களுது மூடியாச்சு, அதனால முன் சக்கரக் குழியோட கூரையில 2 மி.மீ. டிரில்ல ஒரு ஓட்டை போடுங்க. 1.5 மி.மீ. ஈயக் குண்டா உள்ள விட்டு, மெதுவாக் காயற எப்பாக்ஸியை ஊசியில எடுத்து ஊத்தி, மூக்கு கீழ இருக்கிற மாதிரி டம்ளர்ல ராத்திரி முழுக்க நிறுத்துங்க. ஈயம் தொட்ட கையைக் கழுவிட்டு மத்த சோலியைப் பாருங்க.

ஆனைமலை:

வெளுத்ததைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. எந்த நேரத்துல அடிச்சீங்க? டீக்காலுக்கு அடியில கிளாஸ் கோட் (பளபளப்பான கிளியர்) போட்டீங்களா? என்ன தண்ணின்னும் சொல்லுங்க.

நொய்யல்72:

அண்ணா, போன வாரம் மழை விட்டதும் பொழுதோட ஆறு மணிக்கு மொட்டை மாடியில அடிச்சேன். கிளாஸ் கோட் போடலீங்க, மேட் பெயிண்ட் மேலயே ஒட்டிட்டேன். போர் தண்ணிதான்.

ஆனைமலை:

அப்ப மூணும் தெளிவாயிருச்சு.

லாக்கர்ல இருக்கிற கரைப்பான் சட்டுன்னு ஆவியாகும். ஆவியாகும்போது மாடல் மேல்பரப்பைக் குளிரவைக்கும். ஐப்பசி மழை விட்ட நேரத்துல காத்துல இருக்கிற ஈரம் அந்தக் குளிர்ச்சியில படிஞ்சு கிளியருக்குள்ள மாட்டிக்கும். சொம்புல ஐஸ் தண்ணி வெச்சா வெளிய முத்து முத்தா வேர்க்குமே, அதேதான், கண்ணுக்குத் தெரியாத அளவுல. சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒண்ணு வாங்கி வெச்சு, 70 சதவீதத்துக்கு மேல காட்டினா லாக்கர் கேனைத் தொடாதீங்க.

இன்னொரு காரணமும் இருக்கு: கேனைச் சரியாக் குலுக்காம அடிச்சா மேட் பொடி மட்டும் திட்டுத் திட்டா வந்து உட்காரும். பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. ஒரு மூலையில பஞ்சுக் குச்சியில தண்ணி தொட்டுத் தடவி, விரல்லயும் வருடிப் பாருங்க. வழவழன்னு பால் மாதிரி சீரா வெளுத்திருந்தா ஈரம். நறநறன்னு இருந்தா பொடி, அதை 2000 வாட்டர் பேப்பர்ல (ரொம்ப நைசான உப்புத்தாள்) லேசாத் தேய்ச்சுத்தான் எடுக்கணும்.

ஈரத்தால வெளுத்திருந்தா சரி பண்ணலாம். வெயில் அடிக்கிற நாள்ல மத்தியானம் ஏர்பிரஷ்ல மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை மட்டும் 15 பி.எஸ்.ஐ காத்தழுத்தத்துல, 12 செ.மீ. தள்ளிப் பனி மாதிரி ஒரு தடவை விடுங்க. அதுல ரிடார்டர் இருக்கறதால மெதுவாக் காயும், மேல் படலம் இளகி ஈரம் வெளியேறிரும். பத்து நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. ஒரே மூச்சுல நனைய விட்டீங்கன்னா டீக்கால் சுருண்டு போயிரும். ஹார்ட்வேர் கடை என்.சி. தின்னரை இதுக்குப் பயன்படுத்தாதீங்க, பிளாஸ்டிக்கையே கரைச்சிரும். அது ஏர்பிரஷ் கழுவ மட்டும்.

டீக்கால் ஓரம் மினுங்கறது சில்வரிங். மேட் பெயிண்ட் பக்கத்துல பார்த்தா உப்புத்தாள் மாதிரி மேடு பள்ளம். டீக்கால் மேட்டு மேல மட்டும் உட்காரும், பள்ளத்துல காத்து நிக்கும், அந்தக் காத்துதான் வெள்ளியாத் தெரியுது. அதனால வரிசை எப்பவும் இதுதான்: கலர், கிளாஸ், ஒரு நாள் காய விடறது, டீக்கால், மறுபடி கிளாஸ், வாஷ் (கோடு, பள்ளத்துல விடற நீர்த்த கருமை), கடைசில மேட். ஒட்டும்போது டீக்காலை வெதுவெதுப்பான தண்ணியில 10 விநாடி முக்கி, துணி மேல ஒரு நிமிஷம் விட்டா தானா நழுவும். தண்ணியிலயே ஊற வெச்சா பசை கரைஞ்சு போயிரும். அடியில மைக்ரோ செட் (டீக்கால் பிடிக்க உதவற கரைசல்), இடத்துல வெச்சு ஈரத்தை ஒத்தி எடுத்த பிறகு மேல மைக்ரோ சால் (டீக்காலை இளக்கிப் படிய வைக்கிற கரைசல்). சால் போட்டதும் டீக்கால் சுருங்கிக் கோணும், பயந்து தொட்டுராதீங்க. தொட்டாக் கிழியும், விட்டா அரை மணியில தட்டையாயிரும்.

ஏற்கெனவே மினுங்கறதுக்குப் புது பிளேடு நுனியில டீக்கால் மேல ஏழெட்டு இடத்துல குத்தி, மைக்ரோ சால் ஒரு சொட்டு. காத்து இருந்த இடத்துல நீர் இறங்கறது கண்ணுக்குத் தெரியும். ஆனா மேல கிளியர் அடிச்சிட்டீங்க, அது வழி விடாது. இதுல முழுசாச் சரியாகாதுங்க.

போர் தண்ணி காய்ஞ்சா உப்பு வளையம் போடும், கரும்பச்சை மேல நல்லாவே தெரியும். கோயமுத்தூர்க்காரங்க சிறுவாணித் தண்ணியில தப்பிச்சுக்குவாங்க. நீங்க பேட்டரிக்கு ஊத்தற தண்ணி ஒரு பாட்டில் வாங்கிக்குங்க, ஒரு வருசத்துக்கு வரும்.

கேனபிக்குப் பெவிக்விக் கூடாது. அதோட ஆவி உள்ள அடைபட்டு வெள்ளையாப் படியுது, கைரேகை இருக்கிற இடத்துல இன்னும் அடர்த்தியா. தண்ணி கொஞ்சம் கலந்த ஃபெவிகாலே போதும், காய்ஞ்சா நிறமே தெரியாது. இப்ப அதைக் கழட்ட மாடலை ஒரு கவர்ல போட்டு ஃப்ரீசர்ல நாலு மணி நேரம் வைங்க. குளிர்ல பெவிக்விக் நொறுங்கற பதத்துக்கு வரும், பிளேடை ஓரத்துல விட்டு மெல்ல நெம்பினா வந்துரும். உள்பக்கத்தை வெள்ளை டூத்பேஸ்ட்டும் பருத்தித் துணியும் வெச்சுப் பத்து நிமிஷம் தேய்ங்க, கழுவிட்டு அக்ரிலிக் கிளாஸ்ல முக்கி, நுனியில தேங்கற சொட்டை டிஷ்யூல ஒத்தி எடுத்து, மேல ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கவுத்து வெச்சிருங்க.

அந்த டப்பா உங்க ஊருக்கு ரொம்ப முக்கியம். திருப்பூர்ல காத்துல பஞ்சுத் தூசி ஓயாது. ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து அடிக்கிற மாசத்துல இன்னும் மோசம். கிளாஸ் அடிக்க அரை மணி முன்னாடி தரையில தண்ணி தெளிச்சு ஃபேனை நிறுத்திருங்க. அடிக்கும்போது பருத்திச் சட்டையில இருந்தும் நூல் பறக்கும், கையை மடிச்சு விட்டுக்குங்க. ஒரு நூல் விழுந்துட்டா ஈரத்துல எடுக்கப் போகாதீங்க. ஒரு நாள் காய விட்டு 2000-ல தேய்ச்சுட்டு மறுபடி ஒரு கோட்.

சித்திரை வெயில்ல இதுக்கு நேர் எதிர்ச் சிக்கல் வரும். பெயிண்ட் மாடலைத் தொடறதுக்குள்ளயே காய்ஞ்சு மணலா உட்காரும், ஊசி நுனியிலயும் கட்டும். அப்ப வெடியால எட்டு மணிக்குள்ள அடிங்க. காய்ச்சாத பால் பதத்துக்குக் கலக்கி, 0.3 ஊசி, 15-ல இருந்து 18 பி.எஸ்.ஐ. லாக்கர் எதுவா இருந்தாலும் கரிமக் கார்ட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க் போடணும், துணி மாஸ்க் ஆவியை நிறுத்தாது.

பவானிக்கூடல்:

பெயிண்ட் எடுக்கறதுல ஒண்ணு சேர்த்துக்கறேன். அடியில இருக்கிற பெயிண்ட் அக்ரிலிக்கா இருந்தா ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் எடுத்துரும், மேல இருக்கிற லாக்கர் கிளியர்ல அது மெதுவாத்தான் வேலை செய்யும். 1500 வாட்டர் பேப்பர்ல கிளியரை முதல்ல உடைச்சு விட்டுட்டு ஆல்கஹால் நனைச்ச டிஷ்யூவைச் சுத்தி வைங்க.

அருங்காட்சியகத்துக்கு வர்றேன். பக்கத்துல பெங்களூரு ஹெச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) ஹெரிடேஜ் சென்டர், பழைய ஏர்போர்ட் ரோட்டுல. நாட் விமானத்தையும் அதோட ஆர்ஃபியஸ் எஞ்சினையும் உரிமம் வாங்கித் தயாரிச்சது ஹெச்.ஏ.எல்.தான். 1961-ல முதல்ல பறந்த மாருத் விமானத்துக்கும் இதே ஆர்ஃபியஸ் ரெண்டு. மாருத், கான்பெரா, மிக்-21, கிரண் எல்லாம் திறந்த வெளியில நிக்குது. சுத்திப் பார்க்க மூணு மணி நேரம் போதும். நாட்டுக்குன்னே போகணும்னா டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகம். வேப்பிட்டி, லைசாண்டர், லிபரேட்டர்னு அங்க இருக்கிற சிலது இந்தியாவுல வேற எங்கயும் நிக்கலை. எங்க போறதா இருந்தாலும் விடுமுறை நாளை முன்னாடியே விசாரிச்சுக்குங்க.

நாட்டுன்னு நினைச்சு அஜீத்தைப் படம் எடுத்துட்டு வராதீங்க. அஜீத் அதுல இருந்து வந்ததுதான், ஆனா எரிபொருளை இறக்கைக்குள்ளயே வெச்சதால இறக்கைக்கு ரெண்டு ரெண்டு பைலன்ல (இறக்கைக்கு அடியில இருக்கிற தாங்கி) ஆயுதம் மாட்ட முடிஞ்சுது. அதனால பைலனை முதல்ல எண்ணுங்க.

முழு விமானத்தை அழகா எடுக்கிற படம் மாடலுக்கு உதவாது. சக்கரக் குழியோட கூரை, சக்கரக் கால்ல ஓடற பிரேக் குழாய், சக்கர மூடி எந்தக் கோணத்துல தொங்குது (நாட்டுல அந்த மூடிகளே ஏர்பிரேக்கும் கூட), இறக்கைப் பின் ஓரத்தோட தடிமன், காத்து நுழையற வாயோட உதடு, எக்ஸாஸ்ட் உள்பக்கம். இதெல்லாம்தான் கிட்ல தப்பா வர்ற இடம். பக்கவாட்டுப் படத்தைத் தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுங்க. கிட்ட நின்னு எடுத்தா மூக்கு பெருத்துத் தெரியும். அளவு வேணும்னா டயர் பக்கச் சுவரைப் பாருங்க, அளவு அங்கயே அச்சாகி இருக்கும். அதை வெச்சே படத்துல மத்ததைக் கணக்குப் போட்டுக்கலாம். மேகம் மூடின நாள் நல்லது, வெயில்ல சக்கரக் குழி கரியாத்தான் வரும்.

ஒண்ணை மட்டும் நம்பாதீங்க: நிறத்தை. வெளியில நிக்கிற விமானத்துக்குப் பல தடவை மேல மேல பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, எழுத்து, வட்டம் எல்லாம் கையால திரும்ப எழுதினதா இருக்கும். துப்பாக்கி வாய், காத்து வாய் மூடியிருக்கும், டயர் எடையில நசுங்கியிருக்கும். வடிவத்துக்கு அருங்காட்சியகம், நிறத்துக்குப் பணியில இருந்த காலத்துப் படம்.

சூலூர் தளத்துக்குப் பக்கத்துல கேமராவோட நிக்காதீங்க, அங்க படம் எடுக்கத் தடை. தேஜஸைக் கிட்டத்துல பார்க்கணும்னா ஒற்றைப்படை வருசம் பிப்ரவரியில எலகங்காவுல நடக்கிற ஏரோ இந்தியா.

நொய்யல்72:

அளந்து பார்த்தேனுங்க, 10.2 வந்துச்சு. சிவப்பே அடிச்சிடறேன். ஒத்தை சீட் கிட்டும் வெளிநாட்டுக் கடையில சொல்லியாச்சு. பெயிண்டையும் அதே கடையில சேர்த்து வரவழைக்கலாங்களா?

சிறுவாணி:

கிட் மட்டும் அங்க இருந்து வாங்குங்க. லாக்கர் பெயிண்டும் தின்னரும் தீப்பிடிக்கிற பொருள், விமானத் தபால்ல ஏத்த மாட்டாங்க, பார்சல் முழுசும் நின்னு போகும். பெயிண்டை உள்நாட்டுல தரை வழியா அனுப்பறவங்ககிட்ட தனியா வாங்கிக்குங்க. கிட் வந்ததும் கேனபியை அச்சுச் சட்டத்தோட வெட்டி எடுத்துத் தனிக் கவர்ல போட்டு வைங்க. மத்த சட்டங்களைப் பாத்திரம் விளக்கற சோப்புத் தண்ணியில பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவுங்க. அச்சு எண்ணெய் ஒட்டியிருந்தா பிரைமர் பிடிக்காது, டேப்பை உரிக்கும்போது கூடவே வந்துரும்.